மூன்று முத்திரைக் காசு

அந்தக் காலத்தில் காசுக்கும் வாய் இருந்தது. ஆடு மாடு பேசும், காக்கை குருவி பேசும், அவற்றோடு சேர்ந்து காசும் பேசும். உள்ளங்கையில் வைத்து "நீ யார்?" என்று கேட்டால் போதும். தன் பேரைச் சொல்லும், தன்னை அச்சடித்த அரசன் பேரைச் சொல்லும், தனக்கு எவ்வளவு பொருள் கிடைக்கும் என்பதையும் சொல்லிவிடும். "நான் இரண்டு ஆடு பெறுவேன்" என்று அது சொன்னால் இரண்டு ஆடுதான். ஒன்றேகால் ஆட்டுக்கு இழுத்துப் பறித்துப் பேரம் பேச வழியே கிடையாது. சந்தைக்குப் போவதில் பாதி சுகம் பேரத்தில்தானே இருக்கிறது! அந்தச் சுகத்தை அறியாத பாவப்பட்ட ஜனங்கள்.

காசுக்கு மரியாதையும் அப்போது அதிகம். யாரும் அதை எறிய மாட்டார்கள், உருட்ட மாட்டார்கள். பேசுகிற வாயைத் தரையில் போடுவது பெரும் பாவம் என்று நினைத்தார்கள். கொடுப்பவர் இரண்டு கையாலும் கொடுப்பார், வாங்குபவர் முந்தானையையோ துண்டையோ விரித்து வாங்குவார்.

அப்படிப்பட்ட நாளில், ஆற்றுக்கு மேற்கே மேட்டுக்காட்டில் சிலம்பாயி என்று ஒரு குடியானவப் பெண் இருந்தாள். புருஷன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த படுக்கை. இரண்டு பெண் பிள்ளைகள். நிலம் மழையை நம்பிய நிலம். அந்த வருஷம் மழை நல்ல மழைதான், ஆனால் அது கூரையைப் பிய்த்துக்கொண்டு விதைக் கலயத்துக்குள்ளும் பெய்துவிட்டது. வைத்திருந்த விதை வரகு முழுவதும் முளைத்து, அழுகி, நாறிப்போயிற்று. காடு உழவு முடிகிற தறுவாயில் இருக்கிறது, மண்ணில் ஈரம் இருக்கிறது, விதைதான் இல்லை. ஈரம் இன்னும் இரண்டு நாள் தாங்கும். அதற்குள் விதைக்காவிட்டால் அந்த வருஷம் நான்கு வயிற்றுக்கும் பட்டினிதான்.

கடைசி உழவுச்சால் ஓட்டும்போது அவளுடைய எருமைக்கடா சட்டென்று நின்றது. கொம்பில்லாத கடா அது, மோழை என்று பேர்.

"எதையோ மிதிச்சிட்டேன் அம்மிணி. அது என்னைத் திட்டுது" என்றது மோழை.

சிலம்பாயி குனிந்து மண்ணைக் கிளறினாள். பெருவிரல் நகத்தளவுக்கு ஒரு பொன் காசு. துடைத்து உள்ளங்கையில் வைத்தாள்.

"யாரது, எம்மை மிதித்தது?" என்றது காசு, ராஜா வீட்டுத் தோரணையில்.

சாமி கண்ணைத் திறந்துவிட்டது என்று பொன்னைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"உன்ற பேரு என்ன சாமி?"

"யானைக்காசு. பெருவழுதி மன்னர் அடித்த காசு. ஒரு பசுவும் கன்றும் பெறுவோம்."

ஒரு பசுவும் கன்றுமா! நாலு வள்ளம் அளந்து வரகு வாங்கினது போக இன்னும் எவ்வளவோ மிஞ்சுமே! சிலம்பாயி அப்போதே ஏரை அவிழ்த்துவிட்டு, புருஷனிடம் சொல்லிக்கொண்டு, மோழையைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே ஆற்றங்கரைச் சந்தைக்குக் கிளம்பினாள். விதை மூட்டையைச் சுமக்க ஒரு முதுகு வேண்டுமே.

பாதி வழியில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு தடவை அந்த வார்த்தையைக் காதால் கேட்க ஆசை. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"உன்ற பேரு என்னன்னு சொன்னே?"

"கயற்பணம்" என்றது காசு. "ஐந்து ஆடு பெறுவோம்."

சிலம்பாயி மோழையைப் பார்த்தாள். மோழை அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

"காத்தால யானைக்காசுன்னு சொன்னியே? பசுவும் கன்னும்னு சொன்னியே?"

"அதுவும் நாம்தான்."

"அப்படீன்னா அஞ்சு ஆடு?"

"அதுவும் நாம்தான்" என்றது காசு. பிறகு தயங்கித் தயங்கி, "மயிற்காசு என்றும் ஒரு பேர் உண்டு. அப்போது ஒரு படி அரிசி பெற்றோம்" என்றது.

காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பக்கத்தில் யானை. மறுபக்கத்திலும் இருந்த யானையில் பின்னங்கால் மட்டும் தேய்ந்து கிடக்க, அதன் மேலேயே ஒரு மீன். மீனின் வாலை நசுக்கிக்கொண்டு ஓரத்தில் ஒரு மயில். ஒரே காசின் மேல் மூன்று முத்திரைகள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நின்றன.

காசு கதையைச் சொல்லிற்று. யானை முத்திரை குத்திய பெருவழுதியை இன்னொரு அரசன் வந்து துரத்தினான். அவன் பொன்னை உருக்கிப் புதிதாக அடிக்கச் சோம்பல்பட்டு, பழைய காசின் மேலேயே மீனைக் குத்தி, "இனி உன் பேர் கயற்பணம்" என்று சொல்லிவிட்டான். அவனுக்கு ஆடு மாடு நிறைய இருந்ததால், அவற்றை நல்ல விலைக்கு விற்கக் காசின் மதிப்பையும் அவனே குறைத்தான். அவனையும் ஒருவன் வந்து துரத்தினான். அவன் மயிலைக் குத்தினான். குத்திய வருஷமே ஊரெல்லாம் பஞ்சம். அந்தப் பஞ்சத்தில் ஒருத்தி இந்தப் பொன்னைக் கொடுத்து ஒரே ஒரு படி அரிசி வாங்கிப் போனாள். காசை வாங்கிய அரிசி வியாபாரி அதைக் காட்டில் புதைத்துவைத்துவிட்டுச் செத்துப்போனான்.

"அப்ப இதுல நீ யாரு?" என்றாள் சிலம்பாயி.

"அதைத்தான் அம்மா, மண்ணுக்குள் கிடந்த காலமெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தோம். எமக்கும் விளங்கவில்லை."

ராஜா வீட்டுத் தோரணை குரலில் இல்லை. வழி தப்பிய ஆட்டுக்குட்டியைப் போல இருந்தது அந்தக் குரல். சிலம்பாயிக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. எதற்குக் கோபப்படுவது, எதற்குப் பாவப்படுவது என்றுதான் தெரியவில்லை.

மோழைதான் முதலில் சுதாரித்தது. "இந்த மூணு கதையும் நமக்கு எதுக்கு அம்மிணி? யானைக்காசுன்னு ஒரே சொல்லாச் சொல்லச் சொல்லு. சந்தையில மூணு தரம் கேப்பாங்க, மூணு தரமும் ஒண்ணாச் சொல்லோணும். இல்லீன்னா பொய்க்காசுன்னு மடுவுல போட்டுருவாங்க."

அது உண்மைதான். அந்தச் சந்தையின் வழக்கம் அது. ஊருக்குப் பழக்கமில்லாத காசு வந்தால் மூன்று பேர் அதைக் கேட்பார்கள். சந்தை மணியக்காரர் ஒருவர், பொருளை விற்பவர் ஒருவர், மூன்றாவதாகக் காசால் எந்தப் பிரயோஜனமும் இல்லாத ஒரு பிராணி. மூன்று பேருக்கும் காசு ஒரே பதிலைச் சொல்ல வேண்டும். பதில் மாறினால் அது பொய்க்காசு. ஆற்று மடுவின் ஆழத்தில் இறக்கிவிடுவார்கள். கொண்டுவந்தவர் அந்தச் சந்தையில் மறுபடி கால் வைக்க முடியாது.

"யானைக்காசுன்னு மட்டும் சொல்லு சாமி" என்று வழி முழுக்கக் கெஞ்சிக்கொண்டு போனாள் சிலம்பாயி. "மத்த ரெண்டையும் மறந்துரு."

"முயல்கிறோம்" என்றது காசு. முடிச்சுக்குள்ளிருந்து யானைக்காசு, யானைக்காசு என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தது. நடுநடுவே கயல் என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டது.

சந்தையில் விதை விற்கிறவர் தீத்தாரப்பர். கறாரான மனிதர், ஆனால் அநியாயக்காரர் இல்லை. அவரிடம் ஐந்து வள்ளம் வரகுதான் மிச்சம் இருந்தது. மழை பெய்தால் எல்லோருக்கும் ஒரே நாளில்தானே விதை வேண்டும்.

"ஏனுங்ணா, நாலு வள்ளம் எனக்கு வேணுங்" என்று காசை நீட்டினாள் சிலம்பாயி.

அவர் துண்டில் வாங்கி உற்றுப் பார்த்தார். "இந்தக் காசை நான் கண்டதில்லையே அம்மிணி. மணியக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டுப்போடலாம்."

மணியக்காரர் வந்தார். பிராணிக்கு, உப்புப் பொதி இறக்கிவிட்டு நிழலில் நின்ற ஒரு கழுதையைக் கூப்பிட்டார்கள். கருங்கல் பலகை ஒன்றின் மேல் பட்டுத்துணி விரித்து, அதன் மேல் காசை வைத்தார்கள். கூட்டம் கூடிவிட்டது. சிலம்பாயி மோழையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உன் பேர் என்ன, என்ன பெறுவாய்?" என்று கேட்டார் மணியக்காரர்.

"யானைக்காசு. ஒரு பசுவும் கன்றும்."

சிலம்பாயிக்குப் போன உயிர் வந்தது.

அடுத்தது தீத்தாரப்பர். அவர் கறார்க்காரர் என்றுதான் சொன்னேனே. சும்மா கேட்டுவிட்டுப் போகாமல் காசைத் துணியோடு புரட்டினார். "இந்தப் பக்கம் மீன் இருக்குதே, இது என்ன?"

காசு திக்கியது, திணறியது. பொய் சொல்லி அதற்குப் பழக்கமே இல்லை. "அது... கயற்பணம். ஐந்து ஆடு."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. கழுதை கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் முகத்தை அருகில் கொண்டுபோய், "ஓரத்துல மயிலாட்டம் ஒண்ணு தெரியுதே?" என்றது.

"மயிற்காசு" என்றது காசு, அழாக்குறையாக. "ஒரு படி அரிசி."

"பொய்க்காசு!" என்று யாரோ கத்தினார்கள். "ஒரே மூச்சில மூணு பேரு சொல்லுது!" என்றார் இன்னொருவர். இல்லை, மூன்றும் உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். அதெப்படி இருக்கும் என்று நான்கு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். பசுவும் கன்றும் என்றால் தீத்தாரப்பர் மீதிக்கு என்ன கொடுப்பார், ஒரு படி அரிசி என்றால் இந்தப் பொம்பளைக்கு வரகு எப்படிக் கொடுப்பார் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டு ஆளாளுக்குக் குழம்பினார்கள். மணியக்காரர் தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது அம்மிணி" என்றார் கடைசியில். "எனக்கே மனசு வரலை. ஆனா இதை மடுவுல விட்டுத்தான் ஆகோணும். நீயும் இனிமே இந்தச் சந்தைக்கு வரக் கூடாது."

பொழுது சாய ஆரம்பித்திருந்தது. தீத்தாரப்பரின் விதைக் கூடைக்கு அந்தப் பக்கத்தில் வேறு இரண்டு பேர் காத்துக்கொண்டு நின்றார்கள். சிலம்பாயிக்குக் காட்டின் ஈரம் கண் முன்னால் காய்கிற மாதிரி இருந்தது. பெரியவள் ஒன்றும் கேட்க மாட்டாள், சின்னவள்தான் கஞ்சி கேட்டு அழுவாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததும் பயம் போய் ஓர் ஆவேசம் வந்தது.

"நான் ஒரு கேள்வி கேக்கறனுங்க" என்றாள். "காசைக் கொண்டாந்தவ கேக்கக் கூடாதுன்னு வழக்கத்துல இருக்குதுங்களா?"

மணியக்காரர் யோசித்தார். இல்லை என்று கழுதை தலையாட்டியது.

அவள் குனிந்து காசுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள். "யானை, மீனு, மயிலு எல்லாம் கெடக்கட்டும். அதெல்லாம் அவனவன் உன்ற மேல குத்துனது. யாரும் எதையும் குத்தாததுக்கு முந்தி நீ என்ன பேசுனே?"

இந்தக் கேள்வியை அதனிடம் யாரும் கேட்டதில்லை.

"பேசவில்லை அம்மா" என்றது மெதுவாக. "பேச்சு முத்திரையோடு வந்தது. அதற்கு முன் வெறும் பொன் வில்லை. அச்சுக்குப் போகும்போது தட்டானின் கிடுக்கியிலிருந்து நழுவிப் பட்டறைக் கல்லில் விழுந்தோம். அப்போது எம்மிடமிருந்து ஓர் ஓசை வந்தது. அதில் எந்த அரசனும் இல்லை. அது யாமே."

"அந்த ஓசை இப்பவும் உனக்குள்ள இருக்குதா?"

"தெரியாது."

"கல்லு மேல போட்டா வருமா?"

"தெரியாது. வந்தால் பேச்சு நிலைக்குமா என்பதும் தெரியாது. மூன்று முத்திரையின் பேச்சும் அந்த ஓசையின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அது எழுந்தால் இவை விழுந்துவிடலாம்."

காசைக் கல்லில் போடுவதா! கூட்டம் ஓரடி பின்வாங்கியது. "பாவம் அம்மிணி, பாவம்" என்றார் மணியக்காரர். சிலம்பாயி காசைக் கையில் எடுத்தாள். காலையிலிருந்து முடிச்சுக்குள் உட்கார்ந்து தொணதொணத்துக்கொண்டு வந்த குரல் அது. இதை ஊமையாக்கவா மண்ணிலிருந்து எடுத்தோம் என்று நினைத்தாள். மடுவில் கிடந்தால் பேச்சாவது மிஞ்சும். ஆனால் அங்கே யாரிடம் பேசும்?

"நீ என்ன சொல்றே?" என்று கேட்டாள்.

"பயமாக இருக்கிறது" என்றது காசு. "ஆனாலும் அந்த ஓசையை இன்னொரு தடவை கேட்க ஆசையாகவும் இருக்கிறது. போடு அம்மா."

அவள் பட்டுத்துணியை உருவிவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடுப்பளவு உயரத்திலிருந்து காசைக் கருங்கல்லில் விட்டாள்.

டிங்ங்ங் என்று ஒரு நாதம் எழுந்தது. மணிச் சத்தத்தை விட மெல்லியது, நீளமானது. சந்தை முழுவதும் அப்படியே நின்றது. தராசுத் தட்டுகள் பாதியில் நின்றன. கழுதை இரண்டு காதையும் நிமிர்த்தியது. அதுவரை ஒரு காசின் சொந்த ஓசையைக் கேட்ட மனிதர் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை, ஆனாலும் அதில் கலப்படம் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்றுதான் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நாதம் அடங்கியது. மணியக்காரர் குனிந்து, "உன் பேர் என்ன?" என்றார்.

பதில் இல்லை.

"என்ன பெறுவாய்?"

பதில் இல்லை. மூன்று பேரும் கேட்டார்கள், மூன்று பேருக்கும் அது ஒரே பதிலைத்தான் சொன்னது.

"பதில் மாறலியே" என்றது கழுதை.

மணியக்காரர் முழித்தார். மாறவில்லை என்பது வாஸ்தவம்தான். "அப்படீன்னா... இது பொய்க்காசு இல்லை" என்று தனக்கே சந்தேகமான குரலில் தீர்ப்புச் சொன்னார்.

தீத்தாரப்பருக்கு இப்போது புதுச் சிக்கல். நல்ல பொன் என்று காது சொல்கிறது. எவ்வளவு என்று சொல்ல யாரும் இல்லை. காசைப் பார்த்தார், வரகைப் பார்த்தார், சிலம்பாயியைப் பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தானே ஒரு விலையைச் சொல்ல வேண்டிவந்ததில் அந்தக் கறாரான மனிதருக்கு வியர்த்துவிட்டது.

"மூணு வள்ளம்?" என்றார்.

"நாலுங்" என்றாள் சிலம்பாயி. எங்கிருந்து அவ்வளவு தைரியம் வந்ததோ. "மேக்கொண்டு ஒரு கலயம் எள்ளும் வேணுங்."

"எள்ளு அரைக் கலயம்."

"செரிங்."

உலகத்தின் முதல் பேரம் அதுதான். அதில் ஏமாந்தது அவளா அவரா என்பது அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியாது.

மூட்டையை மோழையின் முதுகில் ஏற்றினார்கள். கிளம்புமுன் சிலம்பாயி தீத்தாரப்பரிடம் திரும்பிவந்து, "ஒரே ஒரு தரம் குடுங்ணா" என்று காசை வாங்கினாள். உள்ளங்கையில் வைத்து, யாருக்கும் கேட்காத குரலில், "வலிச்சுதா?" என்று கேட்டாள். காசு பேசவில்லை. அவள் பெருவிரல் நகத்தால் அதன் ஓரத்தை மெல்லச் சுண்டினாள். சின்னதாக, டிங் என்றது. அது ஆமாம் என்றதா இல்லை என்றதா அவளுக்குப் புரியவில்லை. கண் கலங்கிவிட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்தாள். மறுநாள் விடிந்ததும் ஈரம் காய்வதற்குள் விதைத்து முடித்தாள்.

அந்த நாதம் சந்தையோடு நிற்கவில்லை. முந்தானை முடிச்சிலும் மடியிலும் உறியிலும் இருந்த காசெல்லாம் அதைக் கேட்டன. கேட்டதும் அவற்றுக்கும் தங்கள் மேல் முத்திரை குத்துவதற்கு முந்திய நினைவு வந்துவிட்டது. ஒவ்வொன்றாகப் பேச்சை விட்டன.

அன்றைக்கு மூடிய வாய்தான், இன்னும் திறக்கவில்லை. அதனால்தான் பழங்காசு ஒன்று அகப்பட்டால் ஆளுக்கு ஒரு பேர் வைக்கிறோம், ஆளுக்கு ஒரு விலை சொல்லிச் சண்டை பிடிக்கிறோம். எல்லாம் பேசி ஓய்ந்தபின், ஒன்றும் பிடிபடாமல், அதை விரல் நுனியில் வைத்துச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுக்கிறோம். சிலம்பாயி கேட்டதைத்தான் நாமும் கேட்கிறோம், அவளுக்குச் சொன்னதைத்தான் அது நமக்கும் சொல்கிறது.